மண் நிரப்பிய தொலைநோக்கி

பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்னால் நாற்பது நாள் ஒரு அட்டைப்பெட்டி வந்து இருந்தது. ஃபிரிட்ஜ் என்ன உயரமோ அதே உயரம், என்ன அகலமோ அதே அகலம். சமையலறை மூலையில் அதை நிறுத்தி, முன்பக்கம் ஒரு அட்டையைக் கதவு மாதிரி ஒட்டியிருந்தார். அவர் மனைவி குழம்புச் சட்டியோடு போய் அந்த அட்டைக் கதவைத் திறந்து, சட்டியை உள்ளே வைத்து, மூடி, மறுபடி திறந்து எடுக்க வேண்டும். உறை மோர் வாங்கப் போன நான் இதைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் யாருக்கோ புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"டம்மிம்மா இது," என்றார் அவர். "பொருளு வந்தப்புறம் இடிக்குது, தடுக்குதுன்னா என்ன பண்றது? மொதல்ல டம்மி வந்து நம்மளோட இருக்கட்டும். பழகிக்குவோம். பொறவு பொருளு வரட்டும்."

"என்னயக் கட்டுறதுக்கு முன்னாடி எத வச்சுப் பழகுனீங்களாம்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டார் மனைவி.

"உங்க அப்பா வூட்டு எருமையோட மூணு நாள் இருந்தேன்ல," என்றார். அந்த அம்மா அவருக்குச் சொந்த அத்தை மகள். ஆகவே முதலில் சிரித்ததும் அந்த அம்மாதான், கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அந்த அம்மாதான்.

நான் அரியலூர் தபால் ஆபீசில் கவுண்ட்டரில் இருந்த காலம் அது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் கொல்லைச் சுவர் பொது. அவரை ஊரில் வேபிரிட்ஜ்காரர் என்பார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமென்ட் ஆலைக்குப் போகும் லாரிகளை இரும்பு மேடையில் ஏறச் சொல்லி, எடை பார்த்து, சீட்டு எழுதிக் கொடுப்பது வேலை. இருபது வருஷம் ஒரே அறை, ஒரே ஜன்னல். "மேடை ஆடினா எடை பொய்" என்பது அவர் வாயில் தேய்ந்துபோன வாக்கியம். லாரிக்காரர்களிடம் சொல்வார், மளிகைக்கடைக்காரரிடம் சொல்வார், கல்யாணம் பேச வந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

அவருக்குக் கண் ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லாரிச் சக்கரத்தில் மாட்டித் தெறித்த ஒரு கல் வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. இருந்த இடது கண்ணை வைத்துக்கொண்டு, தொண்ணூற்றேழாம் வருஷம் பங்குனியில் மேற்கே வந்த வால் நட்சத்திரத்தை ஒருநாள் விடாமல் பார்த்தார். ஊரெல்லாம் நாலு நாள் அண்ணாந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. இவர் எடை போட நின்ற டிரைவர்களையெல்லாம் இறக்கி, "அந்தா பாருங்க, அந்த வேப்பமரத்துக்கு மேல" என்று காட்டிக்கொண்டிருந்தார். வால் நட்சத்திரம் போய்விட்டது, ஆனால் ஆசை போகவில்லை. பெரிய தொலைநோக்கி ஒன்றைக் கொல்லையில் வைத்து சனிக்கிரகத்தின் வளையத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். "சனீஸ்வரன் நம்மளப் பாக்காம இருந்தாப் போதும்னு ஊரே எள்ளு வெளக்குப் போடுது. இவரு தேடிப் போயிப் பாக்கணுங்குறாரே. எங்கயாச்சும் உண்டா?"

அதே வருஷம்தான் திருச்சி டாக்டர், இருக்கிற கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருக்கிறது என்று சொன்னார். பயப்படாதீர்கள், ஆபரேஷன் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். "அவருக்கென்ன, ரெண்டு கண்ணு வச்சிருக்காரு, சொல்லுவாரு," என்று பஸ் ஏறி வந்துவிட்டார் இவர். ஒற்றைக் கண்ணில் கத்தி வைத்து அதுவும் போய்விட்டால்? அந்த பயம் அவருக்கு இருந்தது. வெளியே சொல்ல மாட்டார். கண் மூடுவதற்குள் வளையத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத்தான் சொல்வார்.

அதனாலேயே தொலைநோக்கிக்குள் வெளிச்சத்தைச் சேர்க்கும் கண்ணாடி அவருக்குப் பெரிதாகவே வேண்டும் என்று ஆனது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு என்னை விட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, விலைப் புத்தகங்களை வரவழைத்தார். எங்கள் ஊரைத் தனி மாவட்டம் ஆக்கி, மறு வருஷமே பெரம்பலூரோடு சேர்த்த காலம்வரை அவை வந்துகொண்டிருந்தன. எந்த மாவட்டம் எழுதிவந்தாலும் அவை என் கைக்கு வந்துவிடும், ஏனென்றால் அரியலூரிலேயே அப்படிப்பட்ட புத்தகம் வாங்கும் ஆள் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் படித்துச் சொல்ல, அவர் கேட்பார்.

"கண்ணாடி அகலம் ஆறு அங்குலம், எட்டு அங்குலம், பத்து, பன்னெண்டுன்னு இருக்குண்ணே. எட்டே போதும்னு போட்டிருக்கான். தூக்கவும் சுளுவாம்."

"நல்ல கண்ணு இருக்குறவனுக்கு எட்டு போதும்மா. நம்ம கண்ணு மங்குது. அப்ப வெளிச்சத்த அதிகமா அள்ளிக் குடுக்கணும்ல? பன்னெண்டு."

குழாய் விஷயம் இப்படி ஒரே நாளில் முடிந்தது. எதன்மேல் அதை நிறுத்துவது என்பதுதான் மூன்று வருஷம் இழுத்தது. புத்தகத்தில் இரண்டு விதம் இருந்தன. ஒன்று, துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும் அச்சும், மறுபக்கம் எடைக்குண்டும், மோட்டாரும் உள்ளது. வானம் நகர நகரத் தானே கூடத் திரும்பும். இன்னொன்று வெறும் பலகைப் பெட்டி. அதில் குழாயை உட்கார வைத்துக் கையால் தள்ளிக்கொண்டே பார்க்க வேண்டும். மோட்டார் வைத்ததுதான் உசத்தி என்று எல்லாப் புத்தகமும் சொன்னது. அவருக்கும் அதில்தான் கண். ஆனால் டம்மி போடாமல் வாங்கிவிடுவாரா?

பெரம்பலூரில் ஒரு தகரப் பட்டறையில் ஐந்தடி நீளத்துக்குத் தகரத்தை உருட்டிக் குழாய் செய்து பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்று பெரம்பலூர் போயிருந்த நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். "என்னாங்க இது?" என்று கேட்டார் கண்டக்டர். "டெலஸ்கோப்பு" என்றார் இவர். கண்டக்டர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "உள்ள ஒண்ணுமே இல்லீங்களே" என்றார். "டம்மிங்க" என்றார் இவர். அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இந்த மனிதரை யாரென்றே தெரியாதவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விலைப் புத்தகத்தில் என்ன எடை போட்டிருந்ததோ அந்த எடை வரும்வரை குழாய்க்குள் மண் மூட்டைகளைக் கட்டினார். லாரி நிறுக்கும் மேடையில் அதை நிறுக்க முடியாது, பத்து இருபது கிலோவெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை. மளிகைக்கடைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார். பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும், அந்த மண்குழாயைத் தோளில் தூக்கிக் கூடம், சமையலறை, கொல்லை என்று நடந்து வெளியே வைப்பதும், ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கொண்டுபோவதுமாக இருந்தார். கொல்லைக் கதவில் குழாய் இரண்டு தடவை இடித்தது. மூன்றாம் நாள் அண்ணியின் கிரைண்டர் இடம் மாறியது.

கொல்லையில் தரையோடு தரையாக ஒரு கான்கிரீட் தளம் போட்டு, சுற்றிலும் பள்ளம் வெட்டி மணல் நிரப்பினார். ஆள் நடக்கும் அதிர்ச்சி தளத்துக்குப் போகக் கூடாதாம். சற்றுத் தள்ளித் தண்டவாளத்தில் ரயில் போகும்போது, தளத்தில் நிறுத்திய மண்குழாயின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அது நடுங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார். அவர் பார்க்கும்போது நாங்கள் யாரும் தும்மக்கூடக் கூடாது.

அந்தத் தளத்தில் ஒரு இரும்புத் தூண் நட்டு, உடைந்த சைக்கிளின் முன்கவையை அச்சாக வைத்து, எடைக்குண்டுக்குப் பதில் படிக்கல் கட்டி, மோட்டார் வகைக்கும் டம்மி செய்தார். அச்சு எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும் என்று புத்தகத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். பள்ளிக்கூட அட்லஸை எடுத்துப் பார்த்தோம். அரியலூருக்குப் பதினோரு டிகிரி. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அவ்வளவுதான் ஏறி நிற்கும்.

"பதினொண்ணுன்னா ரொம்பத் தாழ்வுல்ல?" என்று சுவரோரம் நின்று வடக்கே பார்த்தார். நாலு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார், அந்த நட்சத்திரம் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் பின்னால் இருந்தது.

"ஏம்மா, அந்தத் தொட்டி அங்கயேதான் இருக்குமா?"

"ஆமாண்ணே. துருவ நட்சத்திரம் மாதிரி," என்றேன். எனக்குக் கோபம் வந்திருந்தது.

ஆனால் தொட்டியைவிடப் பெரிய சங்கடம் ஒன்றை அந்த சைக்கிள் கவை காட்டிக்கொடுத்தது. பதினோரு டிகிரிக்கு வைத்தால் அச்சு அநேகமாகப் படுத்துவிடுகிறது. குழாயைத் திருப்பினால் மறுபக்கம் தொங்கும் படிக்கல் சுற்றிவந்து தூணில் 'ணங்' என்று மோதுகிறது. எப்படித் திருப்பினாலும் ணங். அந்தச் சத்தத்துக்கு எங்கள் வீட்டுப் பால் பாத்திரம் குதிக்கும். ஒரு வாரம் கேட்டுவிட்டு அவர் முடிவுக்கு வந்தார்.

"அவங்க ஊர்ல நட்சத்திரம் ஒசக்க நிக்குது. அச்சும் நிமுந்து நிக்கும். அந்தக் கணக்குலதான் செஞ்சிருக்கான். நம்ம ஊர்ல அது படுத்துரும்மா. நமக்குப் பெட்டிதான்."

இதை அவர் சிமென்ட் ஆலை இன்ஜினியர் ஒருவரிடமும் சொன்னார். எடைமேடைக்கு வந்துபோகிற பழக்கம். அவருக்கும் வானப் பைத்தியம் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மச்சினர் மூலம் அதே பன்னிரண்டு அங்குலக் குழாயையும் மோட்டார் தாங்கியையும் வாங்கச் சொல்லியிருந்தார். இவர் சைக்கிள் கவையைக் காட்டி, இடிக்கும் சார் என்றபோது, "அமெரிக்காக்காரன் யோசிக்காமயா செஞ்சிருப்பான்? உங்க சைக்கிள் இடிக்குதுங்க, அது இடிக்காது," என்று சிரித்துவிட்டுப் போனார்.

இவர் தூணை அறுத்துவிட்டுப் பலகைப் பெட்டி செய்யத் தொடங்கினார். அடியில் லாரிச் சக்கர பேரிங் வைத்தார். குழாய் காற்றுக்கே திரும்பியது. பிறகு அதை எடுத்துவிட்டு, அண்ணியின் பிளாஸ்டிக் குடத்தின் அடியைத் துண்டு துண்டாக வெட்டி அங்கே ஆணி அடித்தார். இப்போது ஒரு விரலால் தள்ளினால் நகர்ந்தது, விரலை எடுத்தால் நின்றது. அண்ணி மட்டும் குடம் போன துக்கத்தில் இரண்டு நாள் பேசவில்லை.

பெட்டி தயார், தளம் தயார், ஆனால் குழாய்க்குள் மண்தான் இருந்தது. உண்மையான குழாய்க்கு எழுதிப் போடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், இன்னும் ஒரு மழைக்காலம் டம்மி இருந்து பார்க்கட்டும் என்றார். அப்படியே இரண்டு மழைக்காலம் போனது. அதற்குள் கண் ரொம்பவும் மங்கிவிட்டது. எடைமேடையின் சிவப்பு எண்களில் மூன்றும் எட்டும் குழம்பத் தொடங்கி, டிரைவர்களையே படிக்கச் சொல்லிச் சரிபார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தப் போனவள் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் ஒரு துண்டை மடித்துக் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். சமையலறைக் கதவிலிருந்து ஏழு அடி எடுத்து வைத்தார், கையை நீட்டினார், மண்குழாயைத் தொட்டார். அங்கிருந்து திரும்பிக் கிணற்றடி, குளியலறை, மறுபடி கதவு. ஒரு இடத்தில் முழங்கால் இடித்தது. நின்று, அந்த இடத்தை இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு நடந்தார். குருடாக இருப்பதற்கு டம்மி போட்டுக்கொண்டிருக்கிறார் என்று புரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

அண்ணிக்கு அது முன்பே தெரிந்திருந்தது. "பதினஞ்சு நாளா நடக்குது," என்றார் என்னிடம். "நானும் பாக்காத மாதிரிதான் இருக்கேன். ஆபரேஷன் பண்ணிக்கங்கன்னா, பொழச்சுக்குவேன், வழி பழகிட்டேங்குறாரு. இதுக்கு என்ன சொல்றது, சொல்லு."

அந்தத் தை மாதம் ஒரு சனிக்கிழமை சாயந்தரம் இன்ஜினியரின் ஜீப் வந்து நின்றது. பின்னால் நீளமான பெட்டி ஒன்று. இறங்கியவர் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. மோட்டார் தாங்கி இருபது டிகிரிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறதாம். பின்கால்களுக்கு மரக்கட்டை வைத்துச் சாய்த்துப் பார்த்ததில், எல்லாமாகச் சேர்ந்து குடை சாயப் பார்த்ததாம். போதாததற்கு ஆலைக் குடியிருப்பில் விடிய விடிய விளக்கு வெளிச்சம், ஆறு மாசமாகப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது என்றார்.

"நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்ங்க. இந்தக் குழாயை உங்க பலகைப் பெட்டியில வச்சுப் பாக்கலாமா? சரியா வந்தா இங்கயே இருக்கட்டும். சனிக்கிழமை சனிக்கிழமை நான் இங்க வந்து பாத்துக்கறேன்."

வேறு யாராவது இருந்தால் அன்றைக்கு இரண்டு வார்த்தை குத்திப் பேசியிருப்பார்கள். நானாக இருந்தால் நாலு. அவரோ மண்குழாயைப் பெட்டியிலிருந்து தூக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, புதுக் குழாயை வைத்தார். அதே விலைப் புத்தகத்தின் அளவல்லவா, ஒரு நூல்கூடப் பிசகாமல் உட்கார்ந்தது. ஒரு விரலால் தள்ளினார், நகர்ந்தது. விரலை எடுத்தார், நின்றது.

ஏழு மணிக்குக் கிழக்கே சனி நன்றாக ஏறியிருந்தது. இன்ஜினியர் தேடிப் பிடித்து வைத்துவிட்டு, "நீங்கதாங்க மொதல்ல" என்று விலகினார். அவர் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்திருந்தார். குவியத் திருகை இப்படியும் அப்படியும் திருப்பினார். "மஞ்சளா என்னமோ கசங்குனாப்ல தெரியுதுங்க," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அத்தனை பெரிய கண்ணாடி அள்ளிக் கொடுத்தும் அந்தக் கண்ணுக்கு அவ்வளவுதான் எட்டியது.

அடுத்து அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார், பிறகுதான் குனிந்தார். சனீஸ்வரன் சந்நிதிக்குப் போகிற முறை. குனிந்தவர் அப்படியே இருந்தார்.

"வளையம் தெரியுதா?" என்று கேட்டார் அவர்.

அண்ணி நிமிர்ந்து எனக்கு இடம் விட்டார். அடுத்து நான் பார்த்தேன். வளையம் தெரிந்தது. குண்டு தனியாக, வளையம் தனியாக, நடுவில் இருட்டு. என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"எப்படி இருக்குன்னு சொல்லேன். கம்மல் மாதிரியா? தட்டு மாதிரியா?" அவர் குரல் கெஞ்சியது. அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"சொல்ல மாட்டேன்," என்றார் அண்ணி.

"அது வந்துங்க..." என்று ஆரம்பித்தார் இன்ஜினியர்.

"சார், நீங்களும் சொல்லாதீங்க. நீயும் சொல்லாத தங்கச்சி." அண்ணி விடவில்லை. "நாங்க சொன்னா அத வச்சு மனசுக்குள்ள ஒரு டம்மி பண்ணிக்குவீங்க. இது போதும்னு உக்காந்துருவீங்க. உங்கள எனக்குத் தெரியாதா? கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிட்டு வந்து நீங்களே பாருங்க."

அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் சொல்லிவிட்டிருப்பேன், அண்ணியின் பார்வைக்குப் பயந்து சும்மா இருந்தேன்.

நாலு நாள் அவர் கொல்லைப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் தபால் ஆபீஸ் கவுண்ட்டருக்கு வந்து, திருச்சி டாக்டருக்கு ஒரு கார்டு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். விலாசம் எழுதும்போது, "கட்டுப் போட்டுக்கிட்டு இருக்குறதுக்குத்தான் பழகியாச்சேம்மா. போயிட்டு வந்துடுறேன்," என்றார். கை மட்டும் கவுண்ட்டர் கம்பியை விடாமல் பிடித்திருந்தது.

ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பார்வை தெளிய ஒரு மாதம் ஆனது. முதலில் சரியாகப் படித்தது மளிகைக்கடைப் பலகையைத்தான். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்ததையும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் தொலைநோக்கிப் பக்கம் மட்டும் போகவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, இன்ஜினியரும் வந்திருந்தபோது, அவரே குழாயைத் தோளில் தூக்கினார். கூடம், சமையலறை, கொல்லை. எங்கும் இடிக்கவில்லை. உச்சிப் பக்கம் நின்றிருந்த சனியை அவரே தேடிப் பிடித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார்.

வானம் நகர்வதால் கிரகம் பார்வையை விட்டு ஓடும். ஒரு விரலால் குழாயைத் தள்ளித் தள்ளிப் பின்னாலேயே போனார். பாசஞ்சர் ரயில் ஒன்று போனது. டம்ளர் வைத்துப் பார்த்த தளம் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

"என்னங்க, ஏதாச்சும் சொல்லுங்களேன்," என்றார் அண்ணி.

அவர் நிமிராமலேயே சொன்னார்: "கண்ணு போயிட்டா எப்படி இருக்கணும்னு எல்லாம் பழகி வச்சிருந்தேன். இதுக்குத்தான் பழகிக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி நனைந்துவிட்டது, மங்கலாகத் தெரிகிறது, ஒரு துணி இருந்தால் கொடு என்றார். அந்தக் கண்ணாடியை அதற்கென்று இருக்கும் மெல்லிய துணியால்தான் துடைக்க வேண்டும், வேறு எதுவும் படக் கூடாது என்று இன்ஜினியர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருந்தார். அண்ணி முந்தானையால் முதலில் அவர் முகத்தைத் துடைத்தார். பிறகு அதே முந்தானையால் கண்ணாடியையும் துடைத்தார். இன்ஜினியர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார்.